செம்புல அடிச்ச வாழக்குருத்து, வாங்கலாமா?

நாகர்கோவில்ல இப்போ புது வீடு கட்டுறவங்க நெறய பேரு ஹால் சுவருல இல டிசைன் பேனல் ஒண்ணு மாட்டுதாங்க, கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷின்ல வெட்டி கோல்டு ஸ்பிரே அடிச்சது, எந்த வீட்டுக்குப் போனாலும் அதே இலதான். எனக்கு அது சுத்தமா பிடிக்கல. அதான் மயிலாடி பக்கம் ஒரு சிற்பிகிட்ட போனோம். மயிலாடின்னா கல்லு வேலதான எல்லாருக்கும் ஞாபகம் வரும், இவரும் அந்தக் குடும்பந்தான், ஆனா இப்போ செம்புத் தகட்டுல செடிகொடி மட்டுந்தான் செய்யுதாரு, எல்லாமே சுவருல மாட்டுறது.

சேம்பு இல இருந்துது, சுருண்ட பெரணித் தளிரு இருந்துது, தென்னம்பாளை வெடிச்சு பூ வெளிய எட்டிப் பாக்குற மாதிரி ஒண்ணு. நாங்க எடுத்தது வாழக்குருத்து, மூணரை அடி உசரம், பாதி சுருள் விரிஞ்சிருக்கு பாதி இன்னும் இறுக்கமா நிக்குது, விரிஞ்ச பக்கம் நரம்பு ஓட்டத்துலயே நாலஞ்சு எடத்துல கிழிஞ்சு தொங்குது. கிழிஞ்ச இலய எந்தக் கடக்காரனாவது விப்பானா? ஆரல்வாய்மொழி காத்துல நிக்கிற வாழயப் பாத்தவங்களுக்கு இது ஒடனே புரியும்லா.

வேல நடக்குறதயும் நின்னு பாத்தோம். செம்ப அடிக்க அடிக்க அது இறுகிப் போயிரும், அப்புறமும் அடிச்சா வெடிச்சிரும், அதனால நெருப்புல சிவக்கக் காட்டி இளக்கிட்டு மறுபடி அடிக்கணும், ஒரு இலைக்கே இது எத்தன தடவன்னு கணக்கில்ல. அதனாலதான் ரெண்டு இல ஒண்ணு போல வராது. பத்மநாபபுரம் அரண்மனை பூமுகத்துல, அதான் முகப்பு மண்டபத்துல, மேல மர மச்சப் பாத்தீங்கன்னா 90 பூவும் வேற வேற, நம்ம ஊரு ஆளுங்க மரத்துல அப்பவே செஞ்சு வச்சது, அந்தப் பிடிவாதம் இவருகிட்டயும் இருக்கு.

ஆனா எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். பெரிய தாமரை ஒண்ணு நடுவுல மாட்டி வச்சிருக்காரு, வெலயும் அதுக்குத்தான் ஜாஸ்தி, எனக்கு அது ஏதோ கல்யாண மண்டப மேடையத்தான் ஞாபகப்படுத்திச்சு. ஆர்டர் எடுத்துட்டு சொன்ன தேதிக்குத் தரவும் இல்ல, போன் பண்ணா "இன்னும் பதம் வரல சாரே"ன்னு ஒரே பதில்.

வாங்குறவங்க கவனிக்க வேண்டியது நெழல்தான். இல சுவரோட ஒட்டாம மூணு விரக்கட எட்டி நிக்குது, அந்த இடைவெளிதான் பாதி வேல. நேரா முன்னாடி இருந்து லைட் அடிச்சா எல்லாம் தட்டையாத் தெரியும், மேல இருந்தோ பக்கத்துல இருந்தோ சுவர ஒரசுற மாதிரி விழணும், அப்பத்தான் ஒவ்வொரு நரம்பும் எழும்பி நிக்கும். எங்களுக்கு ஜன்னல் மேக்குப் பக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல லைட்டே போட வேண்டாம். போன்ல போட்டோ பாத்து செலெக்ட் பண்ணாதீங்க, அதுல நெழலு சரியா வராது.

இன்னொண்ணு, வீடு கடலுக்கு எவ்வளவு பக்கம்னு அவரு மொதல்லயே கேப்பாரு. குளச்சல், முட்டம் பக்கம்னா உப்புக் காத்துல செம்பு கறுத்து, போகப்போக பச்சை பிடிக்கும். அந்த நெறம் ஒங்களுக்கு இஷ்டம்னா அப்படியே விடலாம், இல்லன்னா வார்னிஷ் மாதிரி லாக்கர் பூச்சு அடிச்சுத் தருவாரு, ஆனா அந்தப் பூச்சும் சில வருஷத்துல தேஞ்சிரும். பின்னால தாங்குற கம்பிய மட்டும் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கேளுங்க, 304 கடலோரத்துல பழுப்புக் கறை விடும். நமக்கு ஆனி ஆடிலயும் மழ ஐப்பசிலயும் மழ, ஓதம் ஏறி உப்பு பூக்குற சுவரா இருந்தா அத சரி பண்ணிட்டு மாட்டுங்க.

எங்களுக்கு 38,000 ஆச்சு, வண்டிக்கூலி தனி. மாட்டித் தர ஆளு அனுப்ப மாட்டாரு. சுவரு செங்கல்லுன்னா சாதா போல்ட் போதும், லைட் வெயிட் பிளாக்னா அதுக்குன்னே வர்ற ஆங்கர் வாங்கி வச்சுக்கோங்க.