செட்டிநாட்டில் ஆந்தை பார்க்க: ஊருணிக் கரையா, பாறைக் குன்றா?

செட்டிநாட்டில் ஆந்தைகளைக் காண விரும்புகிறவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. குடியிருக்கும் தெருவிலும் ஊருணிக் கரையிலும் மாலைதோறும் காத்திருக்கலாம். அல்லது கண்மாய்களைக் கடந்து, திருமயம் தொடங்கிப் பிரான்மலை வரை சிதறிக் கிடக்கும் கருங்கற் குன்றுகளின் அடிவாரத்துக்குப் போகலாம்.

குன்றுக்குப் போவதற்கான காரணம் கொம்பன் ஆந்தை. அரை மீட்டருக்கும் மேற்பட்ட உடல், நிமிர்ந்த காதுக் கொண்டைகள், ஆரஞ்சு நிறக் கண்கள் ஆகியவற்றோடு அந்தி வேளையில் பாறை உச்சியில் அமர்ந்து அது எழுப்பும் ஆழ்ந்த குரலை ஊருக்குள் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இது கூடு கட்டுவதில்லை. பாறைத் திட்டின் வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது. ஆள் நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடும், முட்டைகள் வெயிலில் கிடக்கும். எனவே மேலே ஏறாமல், தொலைவில் நின்று 8x42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லை கொண்ட) இருநோக்கியால் பார்ப்பதே முறை. இருட்டில் திரும்பும் பாதையில் பாம்புகள் உண்டு என்பதால் தனியாகப் போகக் கூடாது.

ஊருக்குள் கிடைப்பவை அளவில் சிறியவை. எனினும் அவற்றிடம் கற்றுக்கொள்ளக் கூடியது மிக அதிகம். மைனா அளவே உள்ள புள்ளி ஆந்தை, வெளிச்சம் முழுதும் மறையும் முன்பே மரப்பொந்திலிருந்து வெளிவந்து, நம்மைக் கண்டதும் தலையை மேலும் கீழும் அசைத்து உற்றுப் பார்க்கும். பிறகு தெருவிளக்கைச் சுற்றும் பூச்சிகளைப் பிடிக்கும். ஒரே இணை அதே பொந்தில் தங்கியிருப்பதால், இரைதேடலையும் குஞ்சு வளர்ப்பையும் தொடர்ந்து கவனிக்க முடிகிறது. குன்றுக்கு எப்போதாவது போகிறவருக்கு இந்தத் தொடர்ச்சி வாய்ப்பதில்லை.

இதயவடிவ வெண்முகம் கொண்ட கூகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உரிமையாளர்கள் வெளியூர்களில் வாழ, பூட்டியே கிடக்கும் பெரிய வீடுகளின் மாடி இடுக்குகள் அதற்கு உகந்த உறைவிடம். ஆளில்லாத வீட்டிலிருந்து இரவில் வரும் சீறலையும் குறட்டை போன்ற ஒலியையும் கேட்டு அஞ்சுகிறவர்கள் பலர்; அவை பெரும்பாலும் பசித்த கூகைக் குஞ்சுகளின் குரல்கள். இரையை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குவது இப்பறவையின் இயல்பு. சுவரோரம் கிடக்கும் அந்த உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலிகளின் மண்டையோடுகள் கிடைக்கும். ஆந்தை என்ன தின்றது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேறில்லை. இரைச்சலற்ற அதன் பறத்தலுக்குக் காரணம், முதன்மை இறகுகளின் (சிறகின் வெளிப்புறத்து நீண்ட இறகுகளின்) முன்விளிம்பிலுள்ள சீப்புப் பல் போன்ற அமைப்பு.

ஆகவே என் தேர்வு ஊருணிக் கரைதான். கொம்பன் ஆந்தையை மட்டும் தேடிக் குன்றுக்குப் போகலாம். ஊர் ஆந்தைகளுக்கே நம் துணை அதிகம் தேவைப்படுகிறது என்பதும் இத்தேர்வுக்கு ஒரு காரணம். சாக்குருவி என்று கல்லெறிகிறார்கள். பழைய வீடுகளைத் தூண்களுக்காகவும் கதவுகளுக்காகவும் பிரித்து விற்கிறார்கள். எலிக்கு வைக்கும் நஞ்சு, அந்த எலியைத் தின்னும் கூகையையும் கொல்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்திருந்தாலும், பொந்துள்ள பழைய மரத்தை வெட்டாமல் காப்பது தெருவில் வாழ்கிறவர்களின் கையில்தான் இருக்கிறது.

புள்ளி ஆந்தையின் பொந்தைக் கண்டுபிடிக்க மாசி, பங்குனி மாதங்கள் ஏற்றவை. கொம்பன் ஆந்தையின் குரலைக் கேட்கக் கார்த்திகை, மார்கழி மாலைகளில், மழையில்லாத நாளாகப் பார்த்துப் போகலாம். இரண்டு இடத்திலும் பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதையும், கண்ணுக்கு நேரே டார்ச் அடிப்பதையும் தவிர்க்க வேண்டும்.