ஆறு அங்குல டாப்சோனியன்: டெல்டாவில் சில வருடப் பழக்கம்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், பலகைப் பெட்டியில் உட்கார்ந்து திரும்பும் ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப்பைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" பெட்டியில் போட்டிருக்கும் எண்களில் கடைசியாகப் பார்க்க வேண்டியது அதுதான்.

அக்கா மகன் ஆன்லைனில் 70 மி.மீ. டெலஸ்கோப் ஒன்று வாங்கி வந்தான். பெட்டியில் 525 எக்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கணக்கு என்னவோ சரிதான். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, ஐபீஸின், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸின், குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் வரும். அவனுடையது 700 மி.மீ. 4 மி.மீ. ஐபீஸ் போட்டால் 175 மடங்கு. நடுவில் உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் செருகினால் 525. ஆனால் வானம் நன்றாக இருக்கும் இரவிலும், முன் லென்ஸ் விட்டத்தின் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு வரைதான் உருப்படியாகத் தெரியும். 70 மி.மீ.க்கு 140. அதைத் தாண்டினால் வியாழன் பெரிதாகும், கூடவே கஞ்சித் தண்ணீரில் போட்ட மாதிரி கலங்கியும் போகும். அந்த ஸ்டாண்டில் இன்னொரு வினை: ஃபோகஸ் குமிழைத் தொட்டாலே படம் ஆடும், நிற்கச் சில விநாடி ஆகும்.

அப்பெர்ச்சர் என்பது ஒளியை வாங்கும் கண்ணாடி அல்லது லென்ஸின் விட்டம். காசு கொடுப்பதே இதற்குத்தான். என்னுடையதில் 150 மி.மீ. கண்ணாடி. ஒளி பரப்பளவுக்கு ஏற்பச் சேர்வதால், 70 மி.மீ. சேர்ப்பதைப் போல நாலரை மடங்கு. வித்தியாசத்தைப் பார்க்க ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து போதும். சித்திரை கடைசியில் இரவு பத்து மணி வாக்கில், தெற்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 32 டிகிரி உயரத்தில் நிற்கும். லண்டன்காரர்களுக்கு அது உதிப்பதே இல்லை. அவன் டெலஸ்கோப்பில் அது மங்கலான ஒரு வெள்ளைத் திட்டு. என்னுடையதில் 120 மடங்கில் ஓரங்கள் பொடிப்பொடியாக உதிர்ந்து தனித்தனி நட்சத்திரங்களாகத் தெரிகின்றன.

என்னுடையதன் குவியத் தூரம் 1200 மி.மீ. அதை 150ஆல் வகுத்தால் 8. எஃப்/8 என்பது அதுதான். இந்த எண் சிறியதாக இருந்தால் குழாய் குட்டையாக இருக்கும், ஆனால் கண்ணாடிகளை நேராக்கும் வேலையில் துல்லியம் அதிகம் கேட்கும். அந்த வேலைக்குத்தான் கோலிமேஷன் என்று பெயர். புதியவர்கள் இதற்குப் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஐபீஸைக் கழற்றிவிட்டு, நடுவில் துளையிட்ட மூடியைப் போட்டு உள்ளே பார்க்க வேண்டும். பெரிய கண்ணாடியின் நடுவில் ஒட்டியிருக்கும் சின்ன வளையமும், அதற்குள் உங்கள் துளையின் பிம்பமும் தெரியும். அடிப்பக்கத் திருகுகளை ஒவ்வொன்றாகக் கால் சுற்று திருப்பினால் புள்ளி நகர்ந்து வந்து வளையத்துக்குள் உட்காரும். முதலில் பூட்டுத் திருகுகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். வண்டியில் வைத்து வயல் பாதையில் கொண்டுபோனால் போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வீட்டோடு இருந்தால் மாதக்கணக்கில் அசையாது.

குழாயைத் தாங்கும் மவுன்ட் பற்றிச் சொல்ல வேண்டும். டாப்சோனியனுக்குப் பெயர் தந்த ஜான் டாப்சன், 1944இல் சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த மடத்தில் சேர்ந்து 1967 வரை துறவியாக இருந்தவர். காசில்லாமல் பலகையும் அட்டைக் குழாயும் வைத்து டெலஸ்கோப் செய்து தெருவில் வைத்து ஜனங்களுக்குக் காட்டினார். இடம் வலம், மேல் கீழ், இவ்வளவுதான் அசைவு. இன்னொரு வகையான ஈக்வட்டோரியல் மவுன்ட்டில் ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். நம் ஊரில் அது சுமார் பத்தரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே ஒரு தென்னந்தோப்பு போதும், அது தெரியாது. புகைப்படம் எடுக்கும் எண்ணம் இல்லாவிட்டால் டாப்சோனியனே மேல். பூமி சுழல்வதால் 120 மடங்கில் வியாழன் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்விடும், குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தெருப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது இதுதான் உயிரை வாங்கும்.

சீயிங் என்பது காற்றின் அசைவின்மை, வானத்தின் தெளிவு வேறு. மழை விட்ட இரவில் நட்சத்திரங்கள் பளிச்சென்று மின்னும், டெலஸ்கோப்பில் சனி நெளியும். லேசாக மூடாப்பு போட்ட புழுக்கமான இரவில் சனியின் வளையம் கத்தி மாதிரி நிற்கும். மொட்டை மாடி ராத்திரி வெகுநேரம் சூடு விடும், அதனால் நான் களத்து மேட்டுக்குத்தான் போவேன். அறுவடை மெஷின் விளக்குப் போட்டு ஓடும் நாட்களில் மட்டும் மாடி.

இத்தனை நாளில் பழுது என்றால் ஈரம்தான். அடிப்பெட்டி அழுத்திய மரத்தூள் பலகை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதன் வெட்டு விளிம்புகள் உப்பிவிட்டன. புதிதாக வாங்குபவர்கள் முதல் நாளே விளிம்புகளில் வார்னிஷ் பூசிவிடுங்கள். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். தை மாதப் பனியில் முதலில் மங்குவது ஃபைண்டரின், அதாவது குழாயின் மேல் இருக்கும் குட்டித் தேடு டெலஸ்கோப்பின், முன் லென்ஸ். கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி மாட்டினால் கொஞ்ச நேரம் தாங்கும்.

அப்புறம் சூரியன். குழாயின் வாய் முழுவதையும் மூடும் சோலார் ஃபில்டர் இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பவே கூடாது. ஐபீஸில் திருகும் குட்டிச் சூரியக் கண்ணாடி செட்டோடு வந்திருந்தால் குப்பையில் போடுங்கள், சூட்டில் வெடிக்கும்.

ஃபைண்டரில் 9x50 என்று இருக்கும்: ஒன்பது மடங்கு, 50 மி.மீ. அப்பெர்ச்சர். கார்த்திகைக் கொத்து அதில்தான் அழகு. கூட வந்த 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, பார்வைப் புலம் ஒரு டிகிரி சொச்சம். ஆறு பேரும் விளிம்பை இடித்துக்கொண்டு நிற்பார்கள். இதற்காகவே அடுத்ததாக 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் வாங்கினேன். 37 மடங்குதான், ஆனால் தாராளமாக அடங்குகிறது. அதிக உருப்பெருக்கத்துக்குப் பெட்டியில் வரும் 10 மி.மீ. இருக்கிறது, இரண்டு மடங்கு பார்லோ சேர்த்தால் 240. முதல் வருடத்துக்கு இது போதும். ஐபீஸ் வாங்கும்போது அடிக்குழாய் 1.25 அங்குலமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 0.965 அங்குல ஐபீஸ்கள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் இதில் பொருந்தாது.