கீசருக்கு முந்தைய ஒன்றரை அடி: எந்தப் பைப் தாங்கும்?

சுவருக்குள் போகும் லைனுக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்புகளில் சிபிவிசியா பிபிஆரா என்று நாள்கணக்கில் விசாரிப்பார்கள். சுவரில் தண்ணீரை அடைக்கும் ஆங்கிள் வால்விலிருந்து கீசர் வரைக்குமான ஒன்றரை அடிக்கு மட்டும் கடைக்காரர் எடுத்துப்போட்டதை மாட்டிவிடுவார்கள். ஒழுகுவதும் வெடிப்பதும் பெரும்பாலும் அந்த ஒன்றரை அடியில்தான். 15 அல்லது 25 லிட்டர் ஸ்டோரேஜ் கீசருக்கு இன்று மாட்டப்படுபவை நாலு வகை: வெள்ளை பிவிசி கனெக்‌ஷன் பைப், ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ், நெளிவு வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், ஹோஸே இல்லாமல் நேராக இழுத்த சிபிவிசி.

வெள்ளை பிவிசியை முதலிலேயே தள்ளிவிடலாம். அது வாஷ்பேசினுக்கும் ஃப்ளஷ் டேங்குக்கும் உரியது. கீசர் தெர்மோஸ்டாட் 60, 70 டிகிரியில் நிற்கும். அந்தச் சூட்டில் பிவிசி இளகி, நட்டுக்குள்ளிருந்து உருவிக்கொள்ளும். "சுடுதண்ணி வெளியே போற பக்கம்தானே பிரச்சினை, உள்ளே வர்ற பக்கம் போடலாமே" என்று சில பிளம்பர்கள் சொல்வார்கள். அதுவும் தவறு. 25 லிட்டர் தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 400 மில்லி கூடுகிறது. ஒருவழி வால்வு இல்லாவிட்டாலோ உப்புப் பிடித்து மூடாமல் நின்றாலோ, அந்த 400 மில்லி வந்த வழியே திரும்பும். அரை இஞ்ச் பைப்பில் அது இரண்டு மீட்டருக்கு மேல். சூடு தாங்காத யுபிவிசி பிளாஸ்டிக்கில் இழுத்த பச்சைத்தண்ணீர் லைன் கீசர் அருகில் மட்டும் வளைந்து தொங்குவதற்கு இது ஒரு காரணம். உள்ளே வரும் பக்கத்திலும் கடைசி இரண்டு மூன்று மீட்டர் சிபிவிசியாக இருப்பதே நல்லது.

பின்னல் ஹோஸ்தான் அதிகம் விற்பது. அதில் ஏமாற்று வேலையும் அதிகம். தண்ணீரைத் தாங்குவது உள்ளே இருக்கும் ரப்பர் குழாய். வெளிப்பின்னல் அது உப்பிவிடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. உள்குழாய் இபிடிஎம் ரப்பராக இருந்தால் கீசர் சூட்டைத் தாங்கும்; விலை குறைந்தவற்றில் உள்ளே பிவிசியே இருக்கும். பின்னல் 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா அலுமினியக் கம்பியா என்பதைக் காந்தம் சொல்லாது, இரண்டிலும் சரியாக ஒட்டாது. அலுமினியப் பின்னல் எடை குறைவு, மங்கலாக இருக்கும், நகத்தால் அழுத்தினால் கம்பி நசுங்கும். நட்டின் உள்விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள்: மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, சாம்பலாகத் தெரிந்தால் துத்தநாகக் கலவை. அந்தச் சாம்பல் நட்டு சில வருடங்களில் குறுக்கே விரிசல் விடும்.

நம் ஊரில் இந்தப் பின்னலுக்குத் தனி எதிரி, குளியலறை கழுவும் ஆசிட். அதன் ஆவி பட்டுப்பட்டு மெல்லிய கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். பிறகு உள்குழாய் அந்த இடத்தில் பலூனாக உப்பி வெடிக்கும். துருப்புள்ளியோ அறுந்த கம்பியோ கண்ணில் பட்டால் அன்றே மாற்றுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

நெளிவு பைப்பில் ரப்பர் குழாயே கிடையாது. முழுவதும் ஸ்டீல் தகடு. சுடுதண்ணீர் வெளியேறும் பக்கத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். ஒரே குறை, அடிக்கடி வளைத்து நிமிர்த்தினால் நெளிவில் கீறல் விழும். மாட்டுவதற்கு முன் அளவெடுத்து ஒரே தடவையில் வளைக்க வேண்டும், கழற்றிய பைப்பைத் திரும்ப மாட்டக் கூடாது. 12 இஞ்ச் போதாத இடத்தில் இழுத்துக் கட்டாமல் 18 இஞ்ச் வாங்குங்கள்.

சிபிவிசியை நேராக இழுப்பது பார்க்க ஒழுங்கு, செலவும் குறைவு. ஆனால் கீசரைக் கழற்ற வேண்டிய நாளில் பைப்பை அறுக்க வேண்டிவரும். கழற்றி மாட்டக்கூடிய யூனியன் இணைப்பு வைத்தால் அது தீரும். கீசரின் உலோக முனையில் பிளாஸ்டிக் மரை ஏற்றுவது அதைவிடப் பெரிய தவறு: சூடேறி ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை, சில மாதங்களில் சொட்டும். பித்தளை மரை பதித்த ஃபிட்டிங்தான் வேண்டும்.

எதை மாட்டினாலும், உள்ளே வரும் பக்கம் கீசர் முனையில் முதலில் உட்கார வேண்டியது கீசரோடு வரும் சேஃப்டி வால்வு (மேலே சொன்ன ஒருவழி வால்வு இதில்தான்), அம்புக்குறி கீசரை நோக்கி. பெரும்பாலும் 8 பார் அழுத்தத்தில் திறக்கும். அதற்கும் கீசருக்கும் நடுவில் எந்த அடைப்பு வால்வும் கூடாது. தண்ணீர் சூடாகும்போது அது சொட்டுவது அதன் வேலை. சொட்டுகிறதே என்று அந்தத் துளையில் ஸ்க்ரூ போட்டு அடைப்பவர்கள் டேங்கை வெடிக்கும் பாத்திரமாக்குகிறார்கள். துளையில் சின்ன டியூப் மாட்டித் தரைக்கு விடுங்கள், நுனி திறந்திருக்கட்டும்.

மாட்டும் முறையில் அதிகம் கெடுவது இரண்டு இடம். டெஃப்லான் டேப் மரைக்கு மரை சேரும் இடத்துக்கு மட்டும்: சேஃப்டி வால்வுக்கு, மரை ஏறும் திசையில் எட்டுப் பத்துச் சுற்று. ஹோஸ் நட்டில் அடைப்பது வாஷர். அங்கே டேப் சுற்றினால் வாஷர் சரியாக அமராது. நட்டைக் கையால் முடிந்தவரை ஏற்றி, ஸ்பேனரால் கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு. இரண்டாவது, கீசர் முனை டேங்கோடு வெல்டு செய்யப்பட்டது. வால்வை இறுக்கும்போது முனையை இன்னொரு ஸ்பேனரால் பிடிக்காவிட்டால் திருகல் வெல்டுக்குப் போகும், உள்பூச்சும் விரிசல் விடும்.

சிபிவிசி ஒட்டியிருந்தால் சிமெண்ட் காய ஒரு நாள் விடுங்கள். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவைத்து, காற்று நின்று சீராகத் தண்ணீர் வரும்வரை டேங்கை நிரப்புங்கள். அதற்குப் பிறகே ஸ்விட்ச். காலி டேங்கில் போட்டால் காயில் போய்விடும். சுவர் லைன் பிளாஸ்டிக் என்றால் அது மின்கசிவைத் தரைக்குக் கொண்டுபோகாது. மூன்றாவது பின்னின் எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை முழுதாகச் சூடாகி ஆறிய பின், எம்சிபியை அணைத்துவிட்டு ஒவ்வொரு நட்டையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் இன்னும் இறுக்காமல், கழற்றி வாஷரை மாற்றுங்கள்.