வெள்ளைக்கழிச்சலுக்குத் தண்ணீர் மருந்தா, ஊசியா, கண் சொட்டா?

நாட்டுக்கோழி வளர்ப்பவர்களிடம் வெள்ளைக்கழிச்சலைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகி, சில நாளில் கூண்டு காலியாகிவிடும். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு குணப்படுத்த மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அதைக் குடிதண்ணீரில் கலக்கலாம், இறக்கையில் ஊசியாகப் போடலாம், கண்ணில் சொட்டாக விடலாம். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு, சொட்டைத்தான் என் முதன்மையான வழியாக வைத்திருக்கிறேன்.

தண்ணீர் மருந்து பெரிய பண்ணைக்குச் சரி. ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடிக்க முடியாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தைக் கொன்றுவிடும் என்பதால் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, கொஞ்சம் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்ப்பார்கள். கொல்லையில் திரியும் கோழிக்கு இது ஒத்துவரவில்லை. ஒன்று மாட்டுத்தொட்டியில் குடித்துவிட்டு வருகிறது. இளைத்ததை மற்றவை கொத்தி விரட்டுகின்றன. எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

ஊசி வலுவானது. இங்கே போடுவது ஆர்2பி என்ற தடுப்பு மருந்து. உத்தராகண்டின் குமாவோன் மலையில் இருக்கும் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் 1940களில் உருவான ரகம். இந்த நோய்க்கு ராணிக்கேட் என்று பேர் வரக் காரணமான ஊரும் அதே குமாவோனில்தான் இருக்கிறது. அரை மில்லி போட்டால் நீண்ட காலம் தாங்கும். தமிழ்நாட்டில் பிப்ரவரியில் கால்நடைத்துறை முகாம் நடத்தி இலவசமாகவே போடுகிறார்கள், தவறவிடாதீர்கள். ஆனால் இது கொஞ்சம் வீரியமான உயிர் வைரஸ். எட்டு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக்கூடாது, முட்டையிடும் கோழிக்குப் போட்டால் முட்டை குறையலாம். அப்படியானால் அந்த எட்டு வாரமும் குஞ்சுக்கு என்ன பாதுகாப்பு?

அதற்குத்தான் சொட்டு. குஞ்சும் தாங்கும் மென்மையான ரகங்கள் எஃப்1, லசோட்டா. முதல் வாரத்தில் இவற்றில் ஒன்று, நான்காவது வாரத்தில் லசோட்டா, எட்டு வாரம் தாண்டியதும் ஊசி என்று வைத்துக்கொள்ளலாம். லசோட்டா 1946இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் கிடைத்த மிதமான ரகம். கண்ணில் விட்ட சொட்டு கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலும் மூச்சுப்பாதையிலும் பெருகி, நோய் நுழையும் வாசலிலேயே எதிர்ப்பை உண்டாக்குகிறது. தாய்க்கோழியிடமிருந்து குஞ்சுக்கு வந்த எதிர்ப்பு, ஊசி மருந்தை முறிக்கிற அளவுக்கு இதை முறிப்பதில்லை.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய காரணம், ஒரு கோழிகூட விட்டுப்போகாது என்பதுதான். இருட்டியதும் எல்லாம் பஞ்சாரத்துக்குள் வந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து, ஒரு சொட்டு விடவேண்டும். உடனே விட்டுவிடக் கூடாது. சொட்டு கண்ணில் பரவி, கோழி ஒருமுறை இமைத்து, அது உள்ளே இறங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். தலையை உதறினால் இன்னொரு சொட்டு. மருந்து போனதைக் கண்ணாலேயே பார்த்துவிடுகிறோம். ஊசியிலும் எல்லாக் கோழிக்கும் மருந்து போகும்தான், ஆனால் குத்தத் தெரிந்த கை வேண்டும். சொட்டை வீட்டில் யாரும் விடலாம்.

குறையும் உண்டு. எதிர்ப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும். அப்புறம் குளிர். கடையிலிருந்து ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுவந்து, கரைத்ததை நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குப்பியோ நூறு டோஸ், கோழியோ இருபது. அதனால் பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொண்டு ஒரே சாயங்காலத்தில் முடிப்பது நல்லது. ஆஸ்திரேலியாவில் உருவான ஐ-2 என்ற வெப்பம் தாங்கும் ரகத்தை மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கண் சொட்டாகவே விடுகிறார்கள். தீவனத்தில் கலந்தும் சோதித்தார்கள், சொட்டு அளவுக்கு நம்பகமாக அமையவில்லை. குளிர்பெட்டி இல்லாத ஊர்களுக்கு அந்த வழி நம் பக்கமும் பரவலாக வரவேண்டும் என்பது என் ஆசை.

எண்ணெய் கலந்த செத்த வைரஸ் ஊசியும் இருக்கிறது. முட்டைப் பண்ணைக்காரர்கள் போடுகிறார்கள். நான் போட்டதில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

1946இன் ரகம் இன்றைய வைரஸுக்கு எடுபடுமா என்று கேட்கிறார்கள். சாவைத் தடுக்கும், ஏனென்றால் இந்த வைரஸில் செரோடைப் ஒன்றுதான், அதாவது ஒரு ரகத்துக்கு உண்டான எதிர்ப்பு மற்ற ரகங்களையும் அடையாளம் காணும். ஆனால் இப்போது சுற்றும் மரபணு வகைகள் வேறு. அவற்றுக்குப் பொருந்தும் மருந்து கொடுத்தால் எச்சத்திலும் சளியிலும் வெளியேறும் வைரஸ் இன்னும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, பழைய ரக மருந்து கொடுத்த கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் நோயைப் பரப்பக்கூடும். சந்தையில் வாங்கிய கோழியைப் பழைய கோழிகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியாக வைத்திருங்கள். அதற்குத் தண்ணீர்ச் சட்டியும் தனியாக இருக்கட்டும்.