சீரமைத்த ஏவிஆர் கார்டு வாங்கும் கப்பல் மின் அதிகாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

நிலக்கரி ஏற்றிச் செல்லும் சரக்குக் கப்பல் ஒன்றில் மின் அதிகாரியாகப் பணிபுரிகிறேன். எங்கள் இரண்டாம் எண் ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் ஏவிஆர் கார்டு பழுதானது. அந்த மாடலின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், "முழுமையாகச் சீரமைத்துச் சோதிக்கப்பட்டது" என்று உறுதியளித்த மும்பை விற்பனையாளர் ஒருவரிடமிருந்து எங்கள் அலுவலகம் மாற்றுக் கார்டை வரவழைத்தது. எக்ஸ்சேஞ்ச் முறையில் வாங்கியதால், தூத்துக்குடியில் அதைக் கொண்டுவந்து கொடுத்த ஏஜென்ட், பழுதான கார்டைக் கையோடு பெற்றுச் சென்றார்.

ஜெனரேட்டர் தனியாக ஓடியவரை 440 வோல்ட் அசையாமல் நின்றது. நங்கூரமிட்டிருந்தபோது மற்றொரு ஜெனரேட்டருடன் இணைத்ததும் கோளாறு வெளிப்பட்டது. கிலோவாட் சுமையைப் பங்கிடுவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் வேலை, மோட்டார்கள் போன்றவற்றின் காந்தப்புலத்துக்குத் தேவைப்படும் ரியாக்டிவ் சுமையைப் பங்கிடுவது ஏவிஆரின் வேலை. எங்கள் சுவிட்ச்போர்டில் இரண்டு கிலோவாட் மீட்டர்களும் சமமாகக் காட்டிக்கொண்டிருக்க, இரண்டாம் எண்ணின் அம்மீட்டர் மட்டும் ஏறிக்கொண்டே போய் பிரேக்கர் ட்ரிப் ஆனது. அதாவது சந்தேகம் கவர்னர் மீதல்ல, ஏவிஆர் மீதுதான். துறைமுகத்துக்கு வழிகாட்டும் பைலட் ஏறி, குறுகிய கால்வாயில் கப்பல் நுழைந்த பிறகு இது நடந்து, மொத்த மின்சாரமும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் மின்சாரம் தந்தாக வேண்டும் என்பது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிதான். ஆனால் அது விளக்குகளுக்கும் சுக்கானுக்கும் உதவுமே தவிர, நின்றுபோன முதன்மை எஞ்சினை உடனே ஓடவைத்துவிடாது.

கார்டைக் கழற்றி உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். உப்புக்காற்றிலிருந்து காக்கப் பூசப்படும் பாதுகாப்பு வார்னிஷ் புத்தம்புதிதாகப் பளபளத்தது. ஆனால் அதற்கு அடியிலேயே செப்புத் தடங்கள் பச்சை பூத்திருந்தன. கெப்பாசிட்டர்களில் 0412 என்ற குறி இருந்தது, அதாவது 2004ஆம் ஆண்டின் 12ஆம் வாரத் தயாரிப்பு. எஞ்சின் அறை வெப்பத்தில் முதலில் வறண்டுபோவது இந்த மின்பகு கெப்பாசிட்டர்கள்தான். அவற்றைக்கூட மாற்றாமல் எதைச் சீரமைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அசிட்டோன் தோய்த்த பஞ்சால் துடைத்தபோது ஓர் ஐசி சிப்பின் எழுத்துகள் அழிந்து, மேற்பரப்பைத் தேய்த்த கீறல்கள் தெரிந்தன. மாடல் எண் ஸ்டிக்கரை உரித்தால், அடியில் முந்தைய பதிப்பின் எண் இருந்தது.

குஜராத்தின் அலங்கில் உடைக்கப்படும் கப்பல்களின் பொருட்களை விற்கும் கடைகள் அங்கே செல்லும் சாலை நெடுகிலும் உண்டு. பழைய பொருளைப் பழையது என்றே சொல்லி விற்பவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நானே அங்கிருந்து வந்த ரிலேக்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். வார்னிஷ் அடித்துச் சான்றிதழும் சேர்த்து, புதிய கார்டுக்கு நெருக்கமான விலைக்கு விற்பதைத்தான் மோசடி என்கிறேன். அந்தச் சான்றிதழில் கார்டின் சீரியல் எண் இல்லை, சுமையுடன் சோதித்ததற்கான அளவீடு ஒன்றுகூட இல்லை. ஆகவே, சீரியல் எண்ணுடன் கூடிய சோதனை அறிக்கையையும் கார்டின் இரு பக்கப் புகைப்படங்களையும் பணம் செலுத்தும் முன்பே கேளுங்கள். மற்றொரு ஜெனரேட்டருடன் இணைத்து ஓட்டிப் பார்த்ததில் புதிய கார்டு தேறும்வரை பழையதைக் கப்பலை விட்டு இறக்காதீர்கள்.

"பொருத்தியதில்தான் தவறு" என்று கூறி விற்பனையாளர் வாரண்டியை மறுத்துவிட்டார். எங்கள் பழைய கார்டையாவது திருப்பித் தருமாறு எங்கள் அலுவலகச் சூப்பரின்டென்டன்ட் எழுதியபோது, அதைச் சீரமைத்து வேறொரு கப்பலுக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது.