சர்க்கரைக்குத் தோலில் ஒட்டும் ‘பேட்ச்’ என்று வீட்டுக்கு வருகிறார்கள், வாங்கிவிடாதீர்கள் (காரைக்குடி சுற்றுவட்டாரம்)

பதினாலாயிரத்து நானூறு ரூபாய். எங்கள் ஆத்தாவிடமிருந்து ரொக்கமாக வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பணத்தோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சர்க்கரை 412-க்கு ஏறி, நாக்கு வறண்டு, ஆள் நினைவில்லாமல் பேச ஆரம்பித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து நேற்றுத்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வயதானவர்களைத் தனியாக விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் முழுசாகப் படியுங்கள்.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம். ஆள் அடையாளம் மட்டும் சொல்கிறேன்: வாடகைக்குப் பிடித்த சின்ன இடம், ‘வெல்னஸ் சென்டர்’ என்று போர்டு, இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று நோட்டீஸ். அங்கே விலாசம் வாங்கிக்கொண்டு பிறகு வீட்டுக்கே வருவார்கள்.

வந்தவன் நல்ல மரியாதையான பையனாம். முகப்பில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, “ஆச்சி, எங்க அப்பத்தாவும் இப்படித்தான் ஊசி போட்டுப் போட்டுக் கஷ்டப்பட்டுச்சு” என்றிருக்கிறான். ஆத்தாவுக்கு வயிற்றில் இன்சுலின் போட்ட இடமெல்லாம் கட்டி தட்டியிருக்கும். அதை யாராவது கேட்டாலே கண் கலங்கிவிடும். இவன் கேட்டிருக்கிறான்.

அப்பச்சி (எங்கள் அப்பா) லேசில் ஏமாறுகிறவர் இல்லை. அவரை எப்படி மடக்கினான் தெரியுமா? நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அதைக் காட்டி, “ஐயா, இதை நீங்க முழுங்குறதில்லையே? நாக்குக்கு அடியில வச்சா நேரா ரத்தத்துல ஏறுதுல்ல? ஆச்சிக்குத் தோல் வழியா அதே மாதிரி ஏறும், அவ்வளவுதான்” என்றிருக்கிறான். அப்படியே ஆத்தாவின் மணிக்கட்டில் ஒரு பேட்சை ஒட்டி, “சிலுசிலுன்னு இருக்கா ஆச்சி? மருந்து இறங்குது.” அப்பச்சி எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தது அப்போதுதான். மூன்று மாதப் பெட்டி, 14,400. “இனிமே ஊசியே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆத்தாவும் ஊசியை நிறுத்திவிட்டது.

இதில் என் வயிறு எரிவது எங்கே என்றால், அந்த மாத்திரையைப் பற்றி அவன் சொன்னது உண்மை. உண்மையைக் காட்டித்தான் பொய்யை விற்றிருக்கிறான். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எனக்குத் தாளில் படம் போட்டே காட்டினார். நாக்குக்கடியில் இருப்பது மெல்லிய ஈரச் சவ்வு. அதற்கு ஒட்டினாற்போல ரத்தக் குழாய்கள். மருந்து அங்கே கரைந்தால் கல்லீரலுக்குப் போய்ப் பாதி அழியாமல், சில நிமிடங்களில் உடம்பில் பரவிவிடும். தோல் அப்படியா? அதன் மேலடுக்கு செத்த செல்கள். செங்கல் அடுக்கி நடுவில் சாந்து பூசின நம் வீட்டுச் சுவர் மாதிரி, செல்லுக்குச் செல் நடுவில் கொழுப்பு. பருமன் என்னவோ ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகாமல் காப்பதே அதுதான்.

அதைத் தாண்ட வேண்டுமானால் மருந்தின் மூலக்கூறு சின்னதாக இருக்க வேண்டும், சுமாராக 500 டால்டனுக்குள் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அளவு அது). கொஞ்சம் கொழுப்பில் கரைய வேண்டும். ஒரு நாளைக்குச் சில மில்லிகிராமே போதுகிற மருந்தாகவும் இருக்க வேண்டும். சிகரெட்டை விடுவதற்கு ஒட்டுகிற நிகோடின் 162 டால்டன், நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரின் 227, புற்றுநோய் வலிக்குத் தருகிற ஃபென்டனில் 336. இவற்றுக்கெல்லாம் நிஜமான பேட்ச் இருக்கிறது. பயணத்தில் வாந்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பேட்சுக்கு அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. இன்சுலின் எவ்வளவு தெரியுமா? சுமார் 5,800. ஒட்டினால் தோலுக்கு மேலேயே கிடக்கும். விழுங்கினால் வயிறு அதைச் சாப்பாட்டுப் புரதம் என்று செரித்துவிடும். அதனால்தான் ஊசி. மூச்சில் இழுக்கிற இன்சுலின் பொடி உண்டு, நுரையீரலின் சவ்வு அவ்வளவு மெல்லியது. உடம்பில் ஒட்டும் இன்சுலின் பம்பும் உண்டு, ஆனால் அதிலும் அடியில் ஒரு நுண்குழாய் தோலைத் துளைத்துத்தான் உள்ளே போகிறது. சர்க்கரைக்கு விழுங்குகிற மெட்ஃபார்மின் மாத்திரை சின்ன மூலக்கூறுதான், ஆனால் தண்ணீரில் கரைகிற ரகம். அளவும் 500, 1000 மில்லிகிராம். நிகோடின் பேட்சில் ஒரு நாளைக்கு இறங்குவதே 21 மில்லிகிராம்தான்.

அந்தச் சிலுசிலுப்பு மென்தால். தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டிவிடுகிற சரக்கு. வலித் தைலத்தில் இருப்பதுதான். அது சர்க்கரையை என்ன செய்யும்?

அந்தக் கடைக்குப் போன் போட்டேன். முதலில் எடுத்த பெண், “உடம்பு பழகணும் சார்” என்றார். அடுத்து ஒருவர், “ஆச்சிக்குத் தோல் தடிப்பு, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துட்டு ஒட்டுங்க” என்றார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உடம்பே பதறியது. நிஜமான ஃபென்டனில் பேட்சின் மேல் சூடு பட்டால் மருந்து அளவுக்கு மீறி இறங்கி மூச்சே நின்றுபோகலாம். சூடு படக்கூடாது என்று அதன் தாளிலேயே எச்சரிக்கை போட்டிருக்கும். யார் வீட்டில் யார் எதை ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொல்கிறார்கள். பிறகு, “எங்க டாக்டர் கூப்பிடுவார்.” யாரும் கூப்பிடவில்லை. நேரில் போனால், “பிரிச்ச பெட்டியைத் திரும்ப எடுக்கிறதில்ல.” ஆஸ்பத்திரி பில்லைக் காட்டினேன். “நாங்க மருந்துன்னு சொல்லவே இல்லையே, இது வெல்னஸ் பொருள்தானே.” அத்தோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 14,400 ரூபாய்க்குக் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி எண்கூட இல்லை.

எப்படித் தப்பிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: மருந்தின் பெயர், மில்லிகிராம், தயாரிப்பாளர் விலாசம், லைசென்ஸ் எண். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். எங்கள் பெட்டியில் ஒன்றுமே இல்லை, ஒரு இலை படம்தான். யார் சொன்னாலும் டாக்டரைக் கேட்காமல் இன்சுலினை நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. சிவகங்கையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, நாங்கள் அங்கேதான் போகப்போகிறோம்.

அடுத்த முகாம் தேவகோட்டைப் பக்கம் என்று கேள்வி. அங்கே சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.