‘லேடி டாக்டர் உண்டு’ என்ற நோட்டீஸை நம்பி மாடி ஏறாதீர்கள்

‘மூலம், பவுத்திரம், வெடிப்பு. ஆபரேஷன் இல்லை, ஒரே ஊசி’ என்று வேலூர் பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்களே, அப்படி ஓர் இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனமில்லை, அடுத்த மாதமே வேறு பெயரில் வேறு மாடியில் கடை விரித்திருப்பார்கள்.

நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் வெளிக்குப் போக நேரம் கிடைக்காது. மெஷினை விட்டு எழுந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று எங்கள் லைனில் பாதிப் பேர் தண்ணீரே குடிப்பதில்லை. மலம் இறுகி ஒரு நாள் கிழித்துக்கொண்டே வந்தது, கண்ணாடித் துண்டு போன மாதிரி. அன்றிலிருந்து போய் வந்த பிறகும் மணிக்கணக்கில் வலி நிற்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துதான் தைப்பேன். கழுவும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். நோட்டீஸில் ‘லேடி டாக்டர் உண்டு, கட்டணம் 500’ என்றிருந்தது.

போனால் லேடி டாக்டர் இல்லை. “மேடம் லீவும்மா, நான்தான் பார்ப்பேன்” என்றார் அங்கிருந்தவர். எப்போது வலிக்கிறது, மலச்சிக்கல் உண்டா, எதுவும் கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “உள்ளே மூணு வேர் இருக்கு. விட்டா கேன்சர் ஆயிடும்” என்றார். ஒரு வேருக்கு 4,000 ரூபாயாம். 500 என்பது பார்க்க மட்டுமாம். ஒரு வேருக்குப் பணம் கட்டினேன். லேபிளே இல்லாத பாட்டிலிலிருந்து ஊசி. அப்புறம் பஞ்சில் கறுப்பாக எதையோ காட்டி, “பாரும்மா, வேர் வந்துடுச்சி” என்றார். பில் கேட்டால், “இதுக்கெல்லாம் பில் கிடையாது.” ஜிபேயில் பணம் போனது ஏதோ மொபைல் கடை பெயருக்கு.

ஊசி போட்ட இடம் வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. என் நாத்தனார்தான் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். சீழ் கட்டியிருந்ததால் கீறி எடுத்தார்கள். அங்கே பார்த்தவர் உண்மையிலேயே லேடி டாக்டர். “உனக்கு மூலமே இல்லம்மா, வெடிப்பு” என்றார். வெடிப்பு என்றால் ஆசனவாய்த் தோல் கிழிந்து புண்ணாவது. உள்மூலம் வருகிற இடத்தில் வலி தெரிகிற நரம்பு கிடையாது, அதனால் அதில் பெரும்பாலும் வலியில்லாமல்தான் ரத்தம் போகும். உயிர் போகிற மாதிரி வலித்தால் வெடிப்பாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். வெடிப்பு வந்தால் ஆசனவாயின் சுருக்குத் தசை இறுகிக்கொள்கிறது, ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறுவதில்லை. வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகுகிறது. மூலம் கேன்சராக மாறாது என்றும் சொன்னார். ஆனால் ரத்தம் தொடர்ந்து போனாலோ, எடை குறைந்தாலோ, மலம் போகிற பழக்கமே மாறினாலோ, மூலம்தான் என்று நாமே முடிவு கட்டாமல் காட்டிவிட வேண்டுமாம்.

எனக்குக் கொடுத்தது தசையைத் தளர்த்தும் களிம்பும் மலம் இளகும் மருந்தும்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் 10, 15 நிமிடம் உட்காரச் சொன்னார். புதிதாக வந்த வெடிப்பு பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்தில் இதிலேயே ஆறிவிடுமாம். இப்போது மெஷின் பக்கத்திலேயே பாட்டில் வைத்திருக்கிறேன், சூப்பர்வைசர் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும். கேழ்வரகு, கீரை, கொய்யா சேர்க்கிறேன். டாய்லெட்டுக்குப் போன் எடுத்துப் போவதில்லை.

சித்த வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். படித்த சித்த, ஆயுர்வேத டாக்டர்கள் பவுத்திரத்துக்கு (ஆசனவாய் ஓரம் துளை விழுந்து சீழ் வடிவது) காரநூல் என்கிற மருந்து தடவிய நூலைக் கட்டுகிறார்கள், அது முறையான சிகிச்சை. அவர்களுக்கும் பதிவு எண் உண்டு. யாராக இருந்தாலும் அந்த எண்ணைக் கேளுங்கள். தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி கிளினிக்குக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். முக்கியமாக, ‘வேர்’ கணக்கில் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டீஸ், ஜிபே ஸ்க்ரீன்ஷாட், அடுக்கம்பாறை சீட்டு மூன்றையும் இணைத்து மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். இப்படி ஏமாந்த வேறு யாராவது இருந்தால் தனித்தனியாக மனு கொடுங்கள். கூச்சமாக இருந்தால் ‘தவறான ஊசி, சீழ் பிடித்தது’ என்று எழுதினால் போதும், எந்த இடத்தில் என்று மருத்துவமனைச் சீட்டிலேயே இருக்கும்.